சாம்பிள் சீட்டு

போடியின் பெயரை எழுதுவேன். சிலமலை, குரங்கணி, மேலே போடிமெட்டு வரைக்கும் எந்தப் பெயரையும் தயங்காமல் எழுதுவேன். கடல் இருக்கிற அந்த ஊரின் பெயரை மட்டும் எழுத மாட்டேன். ஒரு தடவை எழுதிப் பட்டது போதும்.

கடலுக்குள் சத்தம் கேட்பது என் வேலை. தண்ணீருக்குள் வெளிச்சம் கொஞ்ச தூரத்திலேயே மங்கிவிடும். சத்தம் அப்படியில்லை. காற்றில் போவதைவிட நாலு மடங்குக்கும் மேலான வேகத்தில், வெகுதூரம் போகும். கடலில் இருக்கிற உயிர்கள் பலவும் கண்ணைவிடக் காதை நம்பித்தான் பிழைக்கின்றன. கப்பல் இரைச்சல் எந்த மீனை எங்கே விரட்டுகிறது, துறைமுகத்துக்குத் தூண் அடிக்கும்போது டால்பின்கள் எந்தப் பக்கம் ஒதுங்குகின்றன, எந்தப் பாறையருகில் எந்த மாதம் மீன் கூடி முட்டையிடுகிறது, எல்லாவற்றையும் ஒரு மைக்கை இறக்கிவிட்டுக் காத்திருந்தால் தெரிந்துகொள்ளலாம். இதைச் சொந்த ஊரில் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. சிலமலையில் எங்கள் பக்கத்து வீட்டு அத்தை ஒருநாள் கேட்டார்.

"பொட்டிபுரத்துல மலையக் கொடஞ்சு என்னமோ ஆராய்ச்சி பண்ணப் போறாகன்னு சொன்னாகளே, அந்தச் சோலியாத்தா ஒனக்கு?"

"இல்லத்தே, நான் கடல்ல."

"கடலயுமா கொடையப் போறீக?"

அதற்கு மேல் நான் விளக்கவில்லை. என் வேலையைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் வீட்டுக்குள்ளேயே இருந்தான். அண்ணன்.

என்னைவிட ஐந்து வயது மூத்தவன். போடியில் பட்டறை வைத்திருக்கிறான். ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோர்களில் சூடு எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று காட்டுகிற மீட்டர்களைச் செய்வதும் பழுது பார்ப்பதும் அவன் தொழில். அப்பாவுக்குக் காரியம் செய்ய ராமேஸ்வரத்தில் மூன்று முங்கு முங்கியதுதான் அவனுக்கும் கடலுக்கும் இருந்த மொத்தப் பழக்கம். ஆனால் ஒரு கம்பியில் எங்கே இரைச்சல் நுழைகிறது என்பதை அவன்போல் கண்டுபிடிக்கிற ஆளை நான் எந்த ஆய்வுக்கூடத்திலும் பார்த்ததில்லை.

நான் பயன்படுத்தி வந்த வெளிநாட்டு மைக் ஒருநாள் உப்புத் தண்ணீர் புகுந்து செத்துப்போனது. புதிதாக வர மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். விடுமுறைக்கு வந்தபோது அண்ணனிடம் புலம்பினேன். "இதுக்கா மூக்கச் சிந்துற? தண்ணி மைக்குதான, கொண்டா" என்று வாங்கிப் பிரித்துப் போட்டான். பத்து நாளில் பிளாஸ்டிக் குழாய்க்குள் பிசின் ஊற்றி, கறுப்பாக, முழங்கை நீளத்தில் ஒன்று செய்துவிட்டான். கம்பி குழாய்க்குள் நுழையும் இடத்தில் நிழல்வலையின் பச்சைக் கீற்றைச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டிருந்தான். காற்றுக்குச் சாயாமல் ஏலத்தட்டைகளைச் சேர்த்துக் கட்டும்போது அப்பா போடுகிற முடிச்சு அது. இழுக்க இழுக்க இறுகும்.

அதைச் சோதித்துப் பார்க்கக் கடலுக்குப் போகவில்லை. போடிமெட்டுக்கு இந்தப் பக்கச் சரிவில் எங்களுக்குக் கொஞ்சம் ஏலக்காடு உண்டு. காட்டின் தலைமாட்டில் படுதாக்குளம். மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்கக் குழி தோண்டிப் பிளாஸ்டிக் படுதா விரித்த குளம்தான். கோடையில் செடிகளுக்கு அதை விட்டால் தண்ணீர் இல்லை. கரண்ட் இருக்கும்போது அக்கம்பக்கக் காடுகளின் மோட்டார்கள் எல்லாம் தரையை அதிரவைக்கும். போடியில் கரண்ட் போனால் மலையிலும் போகும், வர இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அதனால் கரண்ட் போகிற நேரம் பார்த்து ஜீப்பில் ஏறுவோம். ஊரே கரண்ட்காரனைத் திட்டுகிற நேரத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் சந்தோஷமாக மலையேறுவோம்.

மைக்கை இறக்கிவிட்டு நான் ஹெட்போனை மாட்டிக்கொள்ள, அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிர்க்கரையில் இறங்கி இரண்டு கற்களைத் தண்ணீருக்குள் தட்டுவான். டொக், டொக் என்று காதுக்குள்ளேயே தட்டுகிற மாதிரி கேட்கும். அவன் தட்டி முடித்த பிறகு குளம் தானாகப் பேசும். சின்னச் சின்ன நீர்ப்பூச்சிகள் கிரீச் கிரீச் என்று உரசும் சத்தம். அண்ணனிடம் ஹெட்போனைக் கொடுத்தேன். வெகுநேரம் கேட்டான்.

"ஏத்தா, நம்ம குளத்துக்குள்ள இம்புட்டுச் சந்தையா? இத்தன வருசமா மோட்டாரப் போட்டு உறிஞ்சுறோம், ஒண்ணுந் தெரியலையே!"

அன்றைக்கு அவன் முகத்தில் இருந்த சிரிப்பை நான் பொய் என்று இன்றும் சொல்ல மாட்டேன். அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

அந்த மைக்கோடு நான் வேலை செய்யப் போன இடம் பெயர் எழுதாத அந்த ஊர். அங்கே என் வயதுள்ள ஒரு மீனவர் தன் வள்ளத்தில் என்னை ஏற்றிக்கொள்வார். முன்கோபக்காரர். நான் கருவிகளைப் பரப்பி வைப்பதைப் பார்த்து, "கடையா போடுறீங்க?" என்று கேட்பார். ஆனால் அவருக்குக் காது உண்டு. துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு, மறுமுனையைக் காதோடு வைத்துக்கொண்டு, கீழே என்ன மீன் நிற்கிறது என்று சொல்லுவார். என் கருவியைப் பார்த்து அவர் மலைக்கவில்லை. "இதத்தான் நான் துடுப்புல கேக்குறேன்" என்றார்.

ஒருநாள் பொழுது சாயும் நேரம் என்னை ஒரு பாருக்கு அழைத்துப் போனார். கடலடியில் இருக்கும் பாறைத்திட்டை அவர்கள் பார் என்பார்கள். மைக்கை இறக்கினேன். கொர்ர், கொர்ர் என்று ஆரம்பித்து, ஆடி மழைக்குத் தவளை கத்துகிற மாதிரி ஏறிக்கொண்டே போனது. கத்தாழை மீன். வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையைத் தசையால் அதிரவைத்து, முட்டையிடும் காலத்தில் இணையைக் கூப்பிடுகிற சத்தம். நூற்றுக்கணக்கில் கூடிக் கத்தின. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

"கேட்டுச்சா தங்கச்சி? எங்க ஊர்லயே நாலு பேருக்குத்தான் இந்த இடம் தெரியும். இந்த மாசத்துல நாங்களே இங்க வலை விட மாட்டோம். உங்களுக்குக் காட்டிருக்கேன். யாருகிட்டயும் சொல்லக் கூடாது."

"ஆபீசுக்கு எழுதணுமேண்ணே. இங்க மீன் முட்டையிடுதுன்னு எழுதுனாத்தான் இந்த மாசத்துல விசைப்படகு வராம தடுக்க முடியும்."

"இந்தக் கடல்ல எங்கேயோன்னு எழுதுங்க. எங்கன்னு எழுதாதீங்க."

சரி என்றேன். எழுதும்போது அப்படித்தான் எழுதினேன். அறிக்கையில் வரைபடத்தில் ஒரு பெரிய கட்டத்தைப் போட்டு, இதற்குள் எங்கோ என்று விட்டுவிட்டேன். என் மேலதிகாரி முகம் சுளித்தார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. என் சொல்லை நான் காப்பாற்றிவிட்டதாக எனக்குள் ஒரு பெருமை. அந்தப் பெருமையை இப்போது செருப்பால் அடிக்க வேண்டும்போல் இருக்கிறது.

நடந்தது இதுதான். அடுத்த விடுமுறையில் அண்ணன் மைக்கை இன்னும் கூர்மையாக்கப் பார்த்தான். அலைச் சத்தத்தை வடிகட்டிவிட்டு மீன் சத்தத்தை மட்டும் எடுக்க வேண்டும். "நெசமான சத்தம் வேணும்த்தா. சாம்பிள் இல்லாம எத வச்சு டியூன் பண்றது?" என்றான். என் பெட்டியிலிருந்து ஒரு மெமரி கார்டை எடுத்துக் கொடுத்தேன். அதைச் சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே சீட்டு ஒட்டியிருந்தேன். எந்த இடம், அட்சரேகை தீர்க்கரேகை, எத்தனை ஆழம், எந்தத் தேதி, எல்லாம் என் கையெழுத்தில்.

ஏலக்காய் வீட்டில் பிறந்தவர்களுக்கு இது விளங்கும். சீட்டில்லாத சாம்பிள் எங்கள் வீட்டில் சாம்பிளே இல்லை. அப்பா ஒரு கைப்பிடி ஏலக்காயைப் பையில் போட்டால், எந்தக் காடு, எத்தனையாவது எடுப்பில் பறித்தது, எந்த ஸ்டோரில் காய்ந்தது என்று எழுதி ஒட்டாமல் ஏல மையத்துக்கு அனுப்ப மாட்டார். "சீட்டு இல்லாட்டி அது யாரு காயோ" என்பார். நானும் அண்ணனும் எழுதப் படித்ததே பாதி அந்தச் சீட்டுகளில்தான். அரசாங்கத்துக்கு எழுதிய அறிக்கையில் அத்தனை கவனமாக மறைத்த இடத்தை, வீட்டுக்குக் கொடுத்த பொட்டலத்தில் நானே எழுதி ஒட்டினேன். கை பழகிப் போயிருந்தது.

அவனுக்கு விஷயம் தெரியாது என்று சொல்லவும் வழியில்லை. அந்த மீனவர் கேட்டுக்கொண்டதை, அவருடைய முன்கோபத்தை, துடுப்பை, எல்லாவற்றையும் ஜீப்பில் போகும்போது அவனிடம் சொல்லியிருந்தேன். கார்டைக் கொடுக்கும்போதும் சொன்னேன், "பத்திரம்ணே, வெளிய போயிறக் கூடாது." அவன் சிரித்தான்.

"என்னையவே நம்பலையாக்கும்?"

நம்பினேன். அதற்கடுத்த முட்டைக் காலத்தில், ஒரு காலை நேரம், அந்த மீனவர் போனில் கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. விசைப்படகுகள் நேராகப் பாருக்கு வந்தன, தேடக்கூட இல்லை, வந்து நின்று மூன்று நாள் வழித்து எடுத்துக்கொண்டு போய்விட்டன என்றார். கத்தாழையின் காற்றுப்பைக்கு வெளிநாட்டில் கிராக்கி. "ஒரு படகுல உங்க கறுப்புக் குழாய் மாதிரியே ஒண்ணு தொங்குனுச்சு. போட்டோ அனுப்புறேன், பாருங்க மேடம்."

அதுவரை அவர் என்னை மேடம் என்று கூப்பிட்டதில்லை.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கறுப்புக் குழாய். கம்பி நுழையும் இடத்தில் பச்சை நிழல்வலைக் கீற்று. அப்பாவின் முடிச்சு. உடம்பெல்லாம் எரிந்தது. அன்றைக்கே போடிக்குப் பஸ் ஏறினேன். வழி நெடுக, இது வேறு யாரோ செய்தது, முடிச்சைப் பார்த்து வேறு யாரோ போட்டிருப்பார்கள் என்று ஒரு பைத்தியக்காரியைப்போல எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

பட்டறைக்குள் நுழைந்தபோது மேசைமேல் அதேபோல் இன்னும் மூன்று குழாய்களில் பிசின் காய்ந்துகொண்டு இருந்தது. அண்ணன் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைக்காமலேயே, "வாத்தா, சொல்லாம கொள்ளாம வந்துருக்க" என்றான். போனை நீட்டினேன். பார்த்தான். மறைக்கவில்லை.

"ஆமா, நாந்தேன் செஞ்சு குடுத்தேன். ஏலக்கா எடுக்க வந்த ஏவாரி ஒருத்தரு, மீனும் ஏத்துமதி பண்றாரு. பட்டறைக்கு வந்தவரு இதப் பாத்துட்டு என்னன்னு கேட்டாரு."

"இடத்த யாரு குடுத்தா?"

"மிஷினு வேல செய்யுதுன்னு எப்படிக் காட்றது? சாம்பிளப் போட்டுக் காட்டினேன். சீட்ட அவரு படிச்சுக்கிட்டாரு."

"படிக்க விட்டியா?"

ஸ்குரூ டிரைவரை மேசைமேல் வைத்தான். பிறகு, நான் கோபப்படுவதுதான் அதிகப்படி என்பதுபோல், "சாம்பிளக் காட்டுறதெல்லாம் ஒரு குத்தமா? நம்மப்பா காட்டாததா?" என்றான்.

"அப்பா காட்டுனது நம்ம காட்டு ஏலக்காண்ணே. இது அவுக மீனு."

"கடலு என்ன, அவனுக்குப் பட்டாவா?"

நான் அறைந்திருப்பேன். அண்ணன் என்பதால் கை எழவில்லை. அவனோ பேசப் பேசத் தனக்கே நியாயம் சேர்த்துக்கொண்டான். அந்தக் கருவியைச் செய்தது அவன் கை. என் கட்டுரைகளில் எங்காவது அவன் பெயர் இருக்கிறதா? கல்யாண வீடுகளில் என்னைத்தான் விஞ்ஞானி என்று கூப்பிட்டுப் பேசுகிறார்கள். அவனை மீட்டர் ரிப்பேர்க்காரன் என்கிறார்கள். முதல்தடவையாகத் தூரத்திலிருந்து ஒருவர் அவன் பட்டறையைத் தேடி வந்து, நீங்கள் செய்ததா என்று வாயைப் பிளந்தார். அது எனக்கு உறைத்தது, பொய் சொல்லவில்லை. கட்டுரையில் அவனுக்கு நன்றி என்று ஒரு வரி போட்டிருந்தேன். அதற்கு மேல் எனக்குத் தோன்றியதே இல்லை. ஆனால் அந்த வருத்தத்தை என்னிடம் சொல்லியிருக்கலாமே. என் முதுகுக்குப் பின்னால் ஏன் போனான்?

"மீனு எங்கத்தா போயிரும்? இந்த எடுப்புல பறிச்சா அடுத்த எடுப்புக்குக் காய்க்காதா? திரும்ப வரும்."

"காயப் பறிக்கலண்ணே. செடியவே பேத்துட்டாக."

அவனுக்கு விளங்கவில்லை. விளங்காத மாதிரி இருந்தானா என்பதும் தெரியவில்லை. மேசையிலிருந்த என் மெமரி கார்டை அதன் பையோடு எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பட்டறைக்குப் பின்னால் குடியிருக்கும் மதினி காப்பியோடு வாசல்வரை ஓடிவந்தார்கள். குடிக்கவில்லை.

அந்த மீனவரிடம் உண்மையைச் சொன்னேன். எங்கள் அண்ணன்தான் கொடுத்தான், எனக்குத் தெரியாமல் நடந்தது என்றேன். வலையைப் பிரித்துக்கொண்டே கேட்டார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"யாரு குடுத்தா என்ன மேடம்? சீட்டு எழுதுனது நீங்கதான?"

அண்ணனோடு ஒரு வருடம் பேசவில்லை. மதினி போன் செய்வார்கள். அவன் இப்போது அந்தக் குழாய்களைச் செய்வதில்லை என்பார்கள். கூடப்பிறந்தவன்தானே, விட்டுவிடு என்பார்கள். கூடப்பிறக்காத ஒருவன் செய்திருந்தால் விட்டிருப்பேன். வெளியாள் செய்வது திருட்டு, பூட்டு வாங்கினால் போதும். அண்ணன் செய்ததற்கு எந்தப் பூட்டைப் போடுவது? ராத்திரிச் சாப்பாட்டில் பாதியில் கை நின்றுபோகும். குளத்தங்கரையில் அவன் சிரித்தது ஞாபகம் வரும். அந்தச் சிரிப்பையும் சேர்த்து அவன் எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று அழுகை அழுகையாக வரும்.

மறுவருடம் முட்டைக் காலம் வந்தபோது அந்த மீனவரைக் கெஞ்சினேன். ஏற்றிக்கொள்ள மாட்டார் என்றுதான் நினைத்தேன். "வாங்க, வந்து நீங்களே கேளுங்க" என்றார். நாலு மாலை அதே பாரில், அதே மைக்கை இறக்கினேன். இறால்கள் கொடுக்கைச் சொடுக்கும் படபட சத்தம். தூரத்தில் ஏதோ எஞ்சின். வேறு ஒன்றுமில்லை. அவர் ஒரு தடவைகூடத் துடுப்பைக் காதில் வைக்கவில்லை. வள்ளத்தைக் கரையேற்றியதும் என் பெட்டியைத் தூக்கி மணலில் வைத்துவிட்டுப் போனார்.

பதிவை எடுத்துக்கொண்டு போடிக்கு வந்தேன். பட்டறையில் அண்ணன் மட்டும் இருந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான். நான் ஒன்றும் பேசாமல் ஹெட்போனை நீட்டினேன். ஆசையாக வாங்கி மாட்டிக்கொண்டான். நான் சமாதானத்துக்கு வந்துவிட்டேன் என்று நினைத்திருப்பான். கண்ணை மூடிக் கேட்டான். நெற்றி சுருங்கியது. சத்தத்தைக் கூட்டினான். இன்னும் கூட்டினான்.

"என்னத்தா, ஒண்ணுமே இல்ல? பொரியிற சத்தந்தேன் கேக்குது. மைக்கு போயிருச்சு போல. உப்புத்தண்ணி ஏறியிருக்கும். கொண்டா, கொண்டா."

மைக்கைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கம்பியைத் தடவிப் பார்த்தான், பற்றவைத்த இடங்களைச் சோதித்தான், பேட்டரியை மாற்றினான். "நல்லாத்தேன் இருக்கு" என்று தனக்குள் முணுமுணுத்தான். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. அவன் என் முகத்தைப் பார்த்தான். "குளத்துல விட்டுப் பாத்துருவம், வெரசா வா" என்று ஜீப் சாவியை எடுத்தான்.

படுதாக்குளம் பாதிதான் இருந்தது. அவனே மைக்கை இறக்கினான், ஹெட்போனை மாட்டிக்கொண்டு கரையில் உட்கார்ந்தான். நான் செருப்பைக் கழற்றிவிட்டு எதிர்க்கரைக்குப் போனேன். இரண்டு கற்களை எடுத்துத் தண்ணீருக்குள் தட்டினேன். கையைத் தூக்கினான், கேட்கிறது என்று. நிறுத்தினேன். அவன் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தான். பூச்சிகள் கத்தியிருக்கும், எனக்கு இங்கிருந்து கேட்காது, அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அந்தப் பழைய சிரிப்பு வரப் பார்த்தது.

"மைக்கு நல்லாத்தான இருக்கு!" என்று கத்தினான். பிறகு சிரிப்பு நின்றது. குரலும் இறங்கியது. "அப்ப, அங்க?"

நான் கற்களைத் தண்ணீரிலேயே போட்டுவிட்டுக் கரையேறினேன். அவன் ஹெட்போனைக் கழற்றாமல் குளத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்து, சரிவெங்கும் ஒவ்வொரு காட்டிலும் மோட்டார்கள் ஓடத் தொடங்கின. அந்த இரைச்சல் முழுவதும் அவன் காதுக்குள் போயிருக்கும். அப்போதும் அவன் கழற்றவில்லை.